சிறார் பாய்ப்படகுப் பந்தயமும் யாம் கற்ற பாடமும்

எமது கல்லூரி ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவராகிய எமக்குக் கடிதம் வந்தபொழுது, யாம் சிறிது தயங்கினோம். இம்மலரின் பக்கங்களிற் கம்பன் கவிநயமும், வள்ளுவர் கண்ட அறமும், விஞ்ஞான விந்தைகளும் இடம்பெற்று வருதலை யாம் அறிவோம். அத்துறைகளில் எமக்குப் புலமை இல்லை. கடந்த சில ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் யாம் செய்துவரும் சிறு தொண்டு ஒன்று மட்டும் உண்டு. கடலில் நங்கூரமிட்ட ஒரு படகில் அமர்ந்து, கையிற் கடிகாரமும் எதிரே கொடிக்கம்பமுமாக, சிறுவர் சிறுமியர் ஓட்டும் பாய்ப்படகுகளின் பந்தயத்தை நெறிப்படுத்தும் தொண்டே அது. "அதனைப்பற்றி எழுதலாமோ?" என்று கேட்டெழுதினோம். "எழுதுக" என்று விடை வந்தது. ஆகவே எழுதத் துணிந்தோம்.

ஈண்டு யாம் கூறப் புகுவது பந்தயத்தின் விதிகளையும் நடைமுறைகளையும் பற்றியதேயாயினும், அவ்விதிகளுள் ஒன்று எம்மையே கூண்டில் நிறுத்திய வரலாறும் இதனுள் அடங்கும். தம் பிழையைத் தாமே அச்சேற்றுதல் எளிதன்று. எனினும், மாணவர்க்குப் பயன்படுமென்ற எண்ணத்தால் மறையாது உரைக்கின்றோம்.

முதலிற் படகைப்பற்றிச் சில சொற்கள். உலகெங்கும் 15 வயதிற்குட்பட்ட சிறார் பந்தயத்திற் செலுத்தும் படகு 'ஆப்டிமிஸ்ட்' எனப்படும். நன்னம்பிக்கையுடையோன் என்பது அதன் பொருள். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக் கிளியர்வாட்டர் என்னும் ஊரில், மேஜர் கிளிஃபோர்ட் மக்கே என்பார், சரிவான தெருக்களிற் பெட்டிவண்டி உருட்டி விளையாடும் பிள்ளைகளுக்கு நீரிலும் அத்தகைய விளையாட்டு ஒன்று வேண்டுமென எண்ணினார். படகு கட்டும் தொழிலினரான கிளார்க் மில்ஸ் என்பார், 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒட்டுப்பலகைகள் இரண்டைக்கொண்டே முடிக்கத்தக்கதாக ஒரு படகை அமைத்துக் கொடுத்தார். செலவு 50 டாலருக்கு மேற்படலாகாது என்பதே அவருக்கு இடப்பட்ட நிபந்தனை. அந்நகரத்து ஆப்டிமிஸ்ட் சங்கத்தார் அதனை ஆதரித்தமையின், சங்கத்தின் பெயரே படகிற்கும் ஆயிற்று.

அதன் முகப்பு மற்றப் படகுகளைப்போற் கூராயிராது, வெட்டிவிட்டாற்போல் தட்டையாயிருக்கும். முதன்முறை காண்போர் குளிப்பாட்டும் தொட்டியோ என ஐயுறுவர். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், உடலின் எடை 35 கிலோ. ஒரு பாய், ஒரு பாய்மரம், பாயின் மேல்மூலையைத் தாங்கிக் குறுக்கே நிற்கும் ஒரு கோல், ஒரு சுக்கான், நடுவே நீரில் இறக்கும் ஒரு பலகை - இவை போன்ற சிலவே உறுப்புக்கள். ஒரு பிள்ளை தனித்தே அமர்ந்து செலுத்தவேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அருகில் தந்தையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கையிற் கயிறும் எதிரே காற்றுமே உண்டு.

நம் நாட்டிலும் இக்கலை புதியதன்று. சென்னைத் துறைமுகத்தில் 1911ஆம் ஆண்டு பாய்ப்படகுச் சங்கம் ஒன்றை நிறுவியவர், துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராயிருந்த ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் ஆவர். அடுத்த ஆண்டில் அவருடைய அலுவலகத்திற் கணக்கராய் அமர்ந்த இளைஞரே கணித மேதை இராமானுஜன் என்பதை நம் மாணவர் நினைவிற்கொள்வாராக. அதே சென்னையிற் சிறுமியாயிருந்தபொழுது பாய்ப்படகு பழகத் தொடங்கிய நேத்ரா குமணன் என்னும் நங்கை, 2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவிலும், 2024ஆம் ஆண்டு பாரிஸ் விழாவிலும் நம் நாட்டின் சார்பிற் கலந்துகொண்டார். ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே.

நிற்க. யாம் இத்தொண்டிற் புகுந்த வரலாறு சுருக்கமானது. எம் தமையனார் மகள் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஓர் ஊரிற் பாய்ப்படகு பழகினாள். அவளை அழைத்துச் செல்லும் பணி எமக்கு வாய்த்தது. பந்தய நாள்களிற் கரையிற் சும்மா நிற்கும் பெரியோரைக் கண்டால் நிர்வாகிகள் விடுவதில்லை. கையில் ஏதேனும் ஒரு வேலையைத் திணித்துவிடுவர். முதலில் எமக்குக் குடிநீர்ப் புட்டிகளை எண்ணும் வேலை கிடைத்தது. பின்னர்க் கடிகாரம் பார்க்கும் வேலை; அதன் பின்னர்த் தொடக்கக் கோட்டைப் பார்க்கும் வேலை. தமையனார் மகள் 16 வயது எய்தி இப்படகை விட்டுப் பெரிய படகிற்குப் போய்விட்டாள். யாமோ அங்கேயே தங்கிவிட்டோம். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் ஈண்டு வேண்டுவதில்லை.

பந்தயம் நீரில் நடப்பது எனினும், அதன் ஒழுங்கு கரையிலேயே தொடங்குகின்றது. பல வாரங்களுக்கு முன்னரே பந்தய அறிவிப்பு வெளியாகும். யார் கலந்துகொள்ளலாம், எத்தனைப் பந்தயங்கள், எந்நாள் என்பன அதிற் காணப்படும். பின்னர், ஓட்டக் கட்டளைகள் என்னும் ஏடு ஒவ்வொரு பிள்ளைக்கும் வழங்கப்படும். மிதவைகளைச் சுற்றும் வழி, கொடிகளின் பொருள், முறையீட்டிற்குரிய கால எல்லை முதலியன அதில் அடங்கும். இவ்விரண்டிற்கும் மேலாக, வேர்ல்ட் செயிலிங் என்னும் உலக அமைப்பினர் நான்காண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடும் விதிநூல் ஒன்றுண்டு; இப்பொழுது நடைமுறையிலிருப்பது 2025 முதல் 2028 வரைக்குரிய பதிப்பு. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படாத எச்செய்தியும் செய்தியாகாது. "அவர் சொன்னார், இவர் சொன்னார்" என்ற பேச்சிற்கு அங்கு இடமில்லை.

கரையொழுங்குகளுள் எமக்கு முதலில் வீண் கெடுபிடியாகத் தோன்றியது வில்லை முறை. பலகையொன்றில் ஆணிகள் வரிசையாக அடிக்கப்பட்டு, ஒவ்வோர் ஆணியிலும் எண்ணிட்ட வில்லை ஒன்று தொங்கும். நீரில் இறங்குமுன் பிள்ளை தன் வில்லையைத் தானே எடுத்துச் செல்லவேண்டும். கரையேறியவுடன் தானே திரும்ப மாட்டவேண்டும். தாயோ நண்பனோ மாட்டலாகாது. மறந்தால் புள்ளியில் தண்டனை உண்டு. "பசியோடு வரும் குழந்தை வில்லையை மறந்ததற்குத் தண்டனையா?" என்று யாம் நிர்வாகியிடம் வாதாடியதும் உண்டு.

அவ்வாண்டிலேயே ஒரு மாலை, எல்லாப் படகுகளும் திரும்பியபின் ஓர் ஆணி மட்டும் வெறுமையாய் நின்றது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. காவற்படகுகள் இரண்டும் மீண்டும் கடலிற் சென்றன. அச்சிறுவனின் தாயார் ஒன்றும் பேசாது நீரின் விளிம்பில் முழங்காலளவு இறங்கி நின்றார்கள். 40 நிமிடங் கழித்து, படகுக் கொட்டகையின் பின்புறத்து நிழலிற் புளியோதரை உண்டுகொண்டிருந்த அவனை யாரோ கண்டனர். வில்லை அவனுடைய காற்சட்டைப் பையில் இருந்தது. அன்று முதல் யாம் அவ்விதியைப்பற்றி வாதாடியதில்லை. அந்த ஆணி எதற்காக அடிக்கப்பட்டது என்பதை அத்தாயாரின் முகம் எமக்கு அறிவித்துவிட்டது.

இனி நீருக்குச் செல்வோம். பந்தயத் தலைவர் முதலிற் செய்வது காற்றை அளத்தல். கிழக்குக் கடற்கரையில் ஆகஸ்டு மாதக் காலைப்பொழுதிற் கரையிலிருந்து மேல்காற்று வீசும். நண்பகலில் அது தளர்ந்து, கடல் கண்ணாடிபோலாகிப் பின்னர்க் கடற்காற்றுப் புகும். அதுகாறும் சிவப்பும் வெள்ளையுமான வரிக்கொடியை ஏற்றி, 'தாமதம்' என அறிவித்துக் காத்திருக்க வேண்டும். பொறுமையற்றவருக்கு இப்பணி தகாது. காற்று நிலைத்தவுடன் அது வரும் திசைக்கு நேரே முதல் மிதவையையும், அத்திசைக்குக் குறுக்காகத் தொடக்கக் கோட்டையும் அமைப்பர். கோட்டின் ஒரு நுனி எமது படகின் கொடிக்கம்பம். மறுநுனி ஒரு மிதவை அல்லது சிறு படகு. 38 படகுகள் ஓடுமாயின் அவற்றை நீளவாக்கில் அடுக்கினால் 90 மீட்டர் அளவு வரும். அதனினும் ஒன்றரை மடங்காகக் கோட்டை நீட்டினால் எல்லார்க்கும் இடமுண்டு. கோடு சிறிது சாய்ந்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நுனிக்கு ஓடி நெருக்கியடிப்பர்.

தொடக்கம் ஐந்து நிமிட நாடகம். 5 நிமிடத்திற்கு முன் அவ்வகைப் படகிற்குரிய கொடி ஏறும். 4 நிமிடத்திற்கு முன் ஆயத்தக் கொடி ஏறும்; நீல நிறத்தின் நடுவே வெண்சதுரம் உடையது அது. 1 நிமிடத்திற்கு முன் ஆயத்தக் கொடி இறங்கும். நேரம் நிறைந்தவுடன் முதற்கொடியும் இறங்கும், பந்தயம் தொடங்கிற்று. ஒவ்வொன்றிற்கும் ஓர் ஊதொலி உண்டு. ஆயினும் ஒலி தவறினாற் குற்றமில்லை, கொடியே பிரமாணம். இதன் காரணத்தைப் பௌதிக மாணவர் எளிதில் உணர்வர். ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டரே செல்லும். ஆகவே 130 மீட்டர்க் கோட்டின் மறுநுனியிலுள்ள பிள்ளைக்கு அது மூன்றிலொரு விநாடிக்கு மேல் தாழ்ந்தே கேட்கும். கண்ணுக்கு அத்தகைய வேறுபாடில்லை.

நேரம் நிறைவதன்முன் எப்படகேனும் கோட்டைக் கடந்திருந்தால், வெண்மையில் நீலச் சிலுவைக்கோடு தீட்டிய கொடியை ஓர் ஒலியோடு உடனே ஏற்றுவோம். கடந்தவர் திரும்பிவந்து மறுபடி தொடங்கவேண்டும். திரும்பாதவர் எத்தனையாவதாய் முடித்தாலும் பயனில்லை. முதலாவது வந்தவர்க்கு 1 புள்ளி, இரண்டாவது வந்தவர்க்கு 2 புள்ளி என்று குறைந்த புள்ளியே உயர்வாகக் கணக்கிடப்படும் இப்பந்தயத்தில், திரும்பாதவர்க்குப் படகுகளின் தொகையினும் ஒன்று மிகுதியாகப் புள்ளி இடப்படும். அதாவது 38 படகுகளுக்கு 39. பலர் ஒருங்கே கடந்து, இன்னார் என அறிய இயலாவிடில், வேறொரு கொடியை இரண்டு ஒலிகளோடு ஏற்றி எல்லாரையும் திரும்ப அழைப்பதுமுண்டு.

தொடங்கியபின் நடப்பதே எம்மை இவ்விளையாட்டிற்கு அடிமைப்படுத்தியது. வலப்பக்கத்திற் காற்றேற்று வரும் படகிற்கு இடப்பக்கத்திற் காற்றேற்று வரும் படகு வழிவிடவேண்டும். ஒரே பக்கத்திற் காற்றேற்று வரும் இரண்டனுள், காற்றை முதலிற் பெறும் படகு மற்றதற்கு வழிவிடவேண்டும். பின்வருவது முன்செல்வதற்கு வழிவிடவேண்டும். இவை போன்ற விதிகளைப் பத்து வயதுப் பிள்ளைகள் விரல் நுனியில் வைத்திருக்கின்றனர். மிதவையைத் தொட்டுவிட்ட பிள்ளை, விலகிச் சென்று படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றவேண்டும். வழிவிடத் தவறியவன் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும். ஊதல் ஊதி நிறுத்தும் நடுவர் பெரும்பாலும் அருகில் இல்லை. தொட்டதைத் தொட்டவன் மட்டுமே அறிவான். யாரும் பாராத தொலைவில் ஒரு சிறு படகு திடீரெனத் தன்னைத்தானே சுற்றிக்கொள்வதையும், ஐந்தாறு படகுகள் அதனைக் கடந்து செல்வதையும் யாம் பன்முறை கண்டிருக்கின்றோம். வகுப்பறையில் எத்தனை மணி நேரம் உபதேசித்தால் இது கைவரும்?

விதிநூலின் முதல் விதி வெற்றியைப்பற்றியதன்று. இடரிற்பட்டவர்க்கு இயன்ற உதவியனைத்தும் செய்தல் வேண்டும் என்பதே அது. அந்நூலின் பிற்பகுதியில் மற்றொரு விதி உண்டு. அது பந்தய நிர்வாகிகளின் செய்கையினாலோ தவறினாலோ தன் புள்ளி தன் குற்றமின்றிக் கெட்டது என்று கருதும் போட்டியாளர், நிவாரணம் வேண்டி முறையிடலாம் என்பது. இவ்விதியை யாம் பலமுறை படித்திருந்தோம். அதன் முனை எம்மை நோக்கித் திரும்பும்வரை அதன் பொருளை அறிந்திலோம்.

2023ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம், இரண்டாம் நாள் பந்தயம். கடற்காற்று நன்றாய்ப் புகுந்திருந்தது. யாம் கொடிக்கம்பத்தடியில் நின்று, கோட்டின்மேற் கண்வைத்து, கையிலுள்ள ஒலிப்பதிவுக் கருவியிற் பேசிக்கொண்டிருந்தோம். எந்தெந்த எண் கோட்டருகே வருகின்றது எனக் கணந்தோறும் சொல்லிப் பதிவு செய்தல் எம் கடமை. கோட்டின் மறுநுனியிலுள்ள சிறு படகில் ஒரு கல்லூரி மாணவர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். கொடி இறங்கிய கணத்தில் ஒரு பாய் கோட்டிற்கு அப்பால் நின்றது. 117 என்ற மூன்று இலக்கங்கள் எம் கண்ணிற் பட்டன. நான்காம் இலக்கத்தைப் பக்கத்துப் படகின் பாய் மறைத்துக்கொண்டது. யாம், "1177 கடந்தது" எனக் கருவியிற் கூறினோம். நீலச் சிலுவைக்கொடி ஏறிற்று. ஒருவரும் திரும்பவில்லை. நான்கு நிமிடம் கழித்துக் கொடியை இறக்கினோம்.

மாலையில் முடிவுகளைப் பலகையில் ஒட்டினோம். நான்காவதாய் முடித்த 1177 என்னும் படகிற்கு 39 புள்ளி. அப்படகின் சிறுமிக்கு 12 வயது. முன்னரே துணிந்து தொடங்குபவள். அந்நாளின் முதலிரண்டு பந்தயங்களிலும் கோட்டை மயிரிழையளவு நெருங்கி நின்றவள். முடிவைப் படித்தாள். அழவில்லை, யாரிடமும் சண்டையிடவுமில்லை. அலுவலகத்திற்குச் சென்று முறையீட்டுத் தாளொன்றைக் கேட்டு வாங்கி, படிக்கட்டிலமர்ந்து எழுதி, கால எல்லை முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கையிற் கொடுத்தாள். 'நான் கோட்டைக் கடக்கவில்லை. எனக்கு முன்னால் வேறொரு படகு இருந்தது' என்பதே அதன் சாரம்.

அச்செய்தி எம் செவிக்கெட்டியபொழுது எமக்கு உண்டானது வருத்தமன்று, வெகுளி என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். வெயிலில் ஆறு மணி நேரம் நின்று தொண்டு செய்த எம்மை ஒரு சிறுபெண் பொய்யராக்குவதா என்று எம் உள்ளம் கொதித்தது. பெரியோர் முடிவைப் பிள்ளைகள் கேள்வி கேளாமல் ஏற்றலே ஒழுக்கம் என்று வளர்க்கப்பட்டவர் யாம்.

விசாரணைக் குழுவினர் மூவர்; நிர்வாகத்தோடு தொடர்பில்லாதவர். மேசையின் ஒருபுறம் அச்சிறுமி, மறுபுறம் யாம். இருவர்க்கும் ஒரே உயர நாற்காலி. அவள் பேசும்பொழுது யாம் இடைமறிக்கலாகாது. யாம் பேசும்பொழுது அவள் இடைமறிக்கலாகாது. மேசைமேற் சிறிய பொம்மைப் படகுகளை வைத்து, தான் நின்ற இடத்தையும், முன்னால் நின்ற படகையும் அவள் அமைத்துக் காட்டினாள். பின்னர்த் தலைவர், "சாட்சியை நீ கேள்வி கேட்கலாம்" என்றார். அவள் எம்மை நோக்கி ஒரே வினாவைத்தான் கேட்டாள்.

"சார், நீங்கள் என் பாயில் நான்கு எண்ணையும் பார்த்தீர்களா?"

அவ்வினாவிற்குப் பல விடைகள் எம் நாவில் வந்து நின்றன. "பார்த்தேன்" என்று ஒரு சொற் கூறியிருந்தால் விசாரணை அத்துடன் முடிந்திருக்கும். எம் கண்ணுக்கு எதிராக அவளிடம் வேறு சாட்சியமில்லை. கருவியிலும் எம் குரல் ஐயத்திற்கிடமின்றி ஒலித்தது. ஆனால் அக்கணத்தில், மறைந்திருந்த அந்த நான்காம் இலக்கம் எம் மனக்கண்முன் தோன்றிற்று. யாம் அதனைப் பார்க்கவில்லை. பின் ஏன் 7 என்றோம்? முன்னிரு பந்தயங்களிலும் அவள் கோட்டை நெருங்கி நின்றமையால், கடந்தவள் அவளாகவே இருப்பாள் என்று எம் நெஞ்சம் முன்னரே தீர்ப்பெழுதி வைத்திருந்தது. அந்தத் தீர்ப்பையே யாம் எண்ணாக வாசித்தோம்.

"இல்லை; மூன்றைத்தான் பார்த்தோம். நான்காவதை ஊகித்தோம்" என்றோம். எம் குரல் எமக்கே அயலாய்க் கேட்டது.

குழுத்தலைவர் மறுநுனியின் ஒலிப்பதிவைக் கொணருமாறு பணித்தார். அதில் அம்மாணவரின் குரல் தெளிவாயிருந்தது: "1171, ஒரு சாண் அப்பால்." இரண்டு பதிவுகளையும் ஒப்புநோக்கிய பின்னரே முடிவை ஒட்டுதல் வேண்டும் என்பது எல்லா நிர்வாகிகளும் அறிந்த முறை. முடிவுக்குப் பெற்றோர் காத்திருந்தனர் என்ற அவசரத்தால் யாம் அதனைச் செய்யவில்லை. "நீர் ஏன் அப்பொழுதே சொல்லவில்லை?" என்று அம்மாணவரைப் பின்னர் வினவினோம். "பெரியவர் நீங்கள் சொன்ன எண்தான் சரியாயிருக்கும் என்று நினைத்தேன், சார்" என்றார். அவ்விடை எம்மைச் சுட்டது. அவர் காட்டிய மரியாதை உண்மையை மறைத்தது; அச்சிறுமி கேட்ட கேள்வியே அதனை வெளிக்கொணர்ந்தது.

அவளுடைய இடம் அவளுக்குத் திரும்பியது. ஆனால் கதை அங்கு முடியவில்லை. 1171ஆம் எண்ணுக்குரியவன் 11 வயதுச் சிறுவன். அப்பந்தயத்தில் இரண்டாவதாய் முடித்து, அதுவரை தான் பெறாத சிறப்பைப் பெற்று, அன்றிரவு நண்பர்களோடு களித்துக்கொண்டிருந்தான். இப்பொழுது அவனுக்கு 39 புள்ளி. அவன் விலகியமையால் நான்காவதாயிருந்த சிறுமி மூன்றாவதானாள். திருத்திய முடிவைப் பலகையில் ஒட்டுவதே விதிக்குப் போதும். எமக்குப் போதவில்லை. நேரிற் சென்று அவனிடம் கூறினோம்.

அவன் சற்று நேரம் தரையை நோக்கியிருந்தான். பின்னர், "கொடி ஏறினதைப் பார்த்தேன் சார். நானா, அந்த அக்காவா என்று தெரியவில்லை. பலகையில் என் எண் இல்லை. அதனால் பேசாமல் இருந்துவிட்டேன்" என்றான். யாம் என்ன மறுமொழி கூறுவோம்? ஐயத்தைத் தனக்குச் சாதகமாக்கிக் கொண்டவன் அவன் ஒருவன் மட்டுமல்லன். அந்நாளில் யாமும் அதனையே செய்திருந்தோம். அவனுக்காவது வயது பதினொன்று.

மறுநாட் காலை முதற்பந்தயம். கொடி இறங்கிற்று, ஒரு படகு கோட்டைக் கடந்திருந்தது. நான்கு இலக்கங்களையும் இம்முறை தெளிவாகக் கண்டோம். அது 1171 அன்று. நீலச் சிலுவைக்கொடி ஏறியவுடன், கடந்த படகு திரும்பியது. அதனோடு, கோட்டிற்குப் பின்னாலேயே சரியாகத் தொடங்கியிருந்த 1171உம் திரும்பிற்று! வேண்டாது திரும்பினான் அச்சிறுவன். "உன்னை அழைக்கவில்லை, நீ போ" என்று கூவ எம் நா துடித்தது. ஆனால் பந்தயத்தை நடத்துவோர் ஒரு போட்டியாளனுக்கு மட்டும் வழிகாட்டுதல் மற்றவர்க்கு இழைக்கும் அநீதி. வாயை மூடிக்கொண்டு நின்றோம். எல்லாரும் சென்றபின், வெறுங்கோட்டை அவன் தனியே சுற்றிவந்து மறுபடி தொடங்கியதைக் கண்டோம். எம் ஒரு சொல்லின் விலையை இரு பிள்ளைகள் இரு நாளில் கொடுத்தனர்.

பரிசளிப்பு விழாவில் அவனுக்குப் பரிசு ஏதுமில்லை. அச்சிறுமிக்கு ஒரு சிறு கிண்ணம் கிடைத்தது. கரையிற் படகைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த அவனை அணுகி, "இன்று காலை நீ திரும்பியிருக்க வேண்டுவதில்லையே" என்றோம். "தெரியும் சார். போன பிறகுதான் தெரிந்தது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டது" என்று கூறி, மறுபடி படகைத் தேய்க்கலானான். சிறிது பொறுத்து, "இன்றைக்கு எண்ணெல்லாம் சரியாகத் தெரிந்ததா, சார்?" என்று வினவினான். அதில் ஏளனம் இருந்ததா, அன்றி உண்மையான கரிசனந்தானா என்பதை யாம் இன்றுகாறும் துணிந்திலோம்.

அன்று முதல் எம் ஒலிப்பதிவுகளில் ஒரு புதிய சொல் அடிக்கடி கேட்கும். "117, நான்காவது தெரியவில்லை" என்று கூறுகின்றோம். இரு நுனிகளின் பதிவையும் ஒப்பிட்டும் எண் உறுதியாகாவிடில், அவ்வெண்ணுக்குத் தண்டனை இடுவதில்லை. குற்றஞ் செய்த ஒருவன் இதனால் தப்பலாம், தப்புக. மறுநுனியில் நிற்கும் இளைஞரிடமும் பந்தயத்திற்கு முன்னரே, "எம் எண்ணும் உம் எண்ணும் மாறுபட்டால் முதலில் உம் எண்ணைச் சொல்லும்" என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

மாணவ நேயர்களே! நம் கல்லூரியை விட்டு நீங்கியபின் உங்களிற் பலர் ஆசிரியராவீர், சிலர் அதிகாரிகளாவீர், சிலர் நியாயமன்றங்களிலும் அமர்வீர். பிறருடைய எண்ணை வாசித்துப் பலகையில் ஒட்டும் வேலை ஏதேனும் ஒரு வடிவில் உங்களுக்கு வந்தே தீரும். அவ்வேளையில் இலக்கங்களுள் ஒன்று மறைந்திருக்கும். முன்னரே அறிந்த ஒரு முகத்தை அவ்விடத்தில் எழுதிவிட மனம் விரையும். அப்பொழுது உங்களை நோக்கி, "நான்கையும் பார்த்தீர்களா?" என்று கேட்கும் உரிமை எதிரே நிற்கும் சிறியோனுக்கு உண்டு என்பதை மறவாதீர். அவன் கேளாமற்போனால், நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வீராக.

வரும் ஆகஸ்டு மாதத்திலும் யாம் அக்கொடிக்கம்பத்தடியில் நிற்போம். அச்சிறுவனுக்கு இப்படகில் இன்னும் சில பருவங்கள் உள்ளன, அவனும் வருவான். அவன் எண் எதுவென எமக்கு நன்றாய்த் தெரியும். எனினும் அதனைப் பாயில் நோக்கிய பின்னரே உரைப்போம்.